நம் வருமானமா, பக்கத்து வீட்டு வருமானமா: எது நிம்மதியைக் கெடுக்கிறது?

#1 கோத்தகிரி வாத்தியார்

ஒரு கேள்வி. இரண்டு ஊர்கள் இருக்கின்றன. பொருள்களின் விலைவாசி இரண்டிலும் ஒன்றுதான். முதல் ஊரில் உங்கள் ஆண்டு வருமானம் 5 லட்சம், மற்றவர்களுக்கு 2.5 லட்சம். இரண்டாவது ஊரில் உங்களுக்கு 10 லட்சம், மற்றவர்களுக்கு 20 லட்சம். எந்த ஊரில் குடியேறுவீர்கள்?

இதே கேள்வியை டாலர் கணக்கில் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே என்ற இருவர் கேட்டு, 1998-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். கையில் பாதிப் பணம் இருந்தாலும் போதும், அடுத்தவனுக்கு மேலே இருந்தால் சரி என்று படித்தவர்களே சொல்லிவிட்டார்கள். விடுமுறை நாள்களை வைத்துக் கேட்டபோது மட்டும் பெரும்பாலோர் பதிலை மாற்றினார்கள். அடுத்தவனுக்கு எத்தனை நாள் லீவு கிடைத்தால் என்ன, எனக்கு அதிக நாள் வேண்டும் என்றார்கள்.

பிளஸ் டூ பொருளியல் வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு, அன்று பாடம் நடத்த முடியாமல் போனது. அவ்வளவு சண்டை.

இங்கே கேட்பதற்குக் காரணம் உண்டு. நம் நீலகிரி மலையில் நெடுங்காலம் தேயிலை ஒன்றே பிழைப்பு. இலை விலை ஏறினால் ஊரே ஏறியது, விழுந்தால் ஊரே விழுந்தது. இப்போது ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்), ஒரே தாத்தாவின் பேரன்களில் ஒருவன் இலை பறிக்கிறான், இன்னொருவன் காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடுகிறான், மூன்றாமவன் பெங்களூரில் இருந்துகொண்டு பணம் அனுப்புகிறான். முன்பைவிட எல்லோர் வீட்டிலும் வசதி கூடியிருக்கிறது. ஆனால் நிம்மதியைப் பற்றி விசாரித்தால் பதில் வேறு மாதிரி வருகிறது. உங்கள் அனுபவம் என்ன?

#2 இலைக்காரன்

வாத்தியாரே, நீங்கள் மூன்றாவது ஊரை விட்டுவிட்டீர்கள். எனக்கும் இல்லை, மற்றவனுக்கும் இல்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாம் அங்கேதான் குடியிருந்தோம்.

1990-களின் பிற்பாதியில் இலைக்கு நல்ல விலை. கான்கிரீட் வீடு கட்டினோம், பிள்ளைகளைக் கான்வென்ட்டில் சேர்த்தோம். பிறகு ரஷ்யச் சந்தை தளர்ந்தது, நம் இலையின் தரமும் கெட்டது, விலை சரிந்தது. வாங்கிய கடன் மட்டும் சரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அப்போது வயிறு காய்ந்தது, மனம் இவ்வளவு காயவில்லை.

இலை எடை போடும் இடத்தில் சாயங்காலம் வந்து நில்லுங்கள், புரியும். மழை நாளில் மூட்டையைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் நிற்பதற்குள்ளேயே ஈரக் கழிவு என்று ஒரு எண்ணைச் சொல்லிச் சீட்டில் எழுதுவார்கள். எனக்கு என்ன கழிவோ, எனக்குப் பின்னால் நிற்பவனுக்கும் அதே கழிவுதான். இருவரும் சேர்ந்து திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவோம். திட்டுவதற்கு ஒரு கூட்டாளி இருந்தான்.

இன்று அந்தக் கூட்டாளி வரிசையில் இல்லை. அவன் தோட்டத்தின் மேல்முனையில் நாலு அறை கட்டிவிட்டான். சனிக்கிழமை ராத்திரி வண்ண விளக்கும் பாட்டுச் சத்தமும். நான் இழந்தது என்ன என்று கேட்டால், ஒன்றுமே இல்லை. இலைக்கு அதே விலைதான் வாங்குகிறேன். ஆனால் அந்த விளக்கைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

#3 எண்ணும் எழுத்தும்

சொந்த ஊர் குன்னூர், வேலை பெங்களூரில். இந்தத் துறையில் கொஞ்சம் படித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

இலைக்காரர் அண்ணா சொன்னதற்கு நீண்ட ஆராய்ச்சி வரலாறு இருக்கிறது. ரிச்சர்டு ஈஸ்டர்லின் 1974-ல் ஒரு முரணைக் காட்டினார். ஒரு நாட்டுக்குள் ஒரே சமயத்தில் பார்த்தால், பணம் உள்ளவர் இல்லாதவரைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் எல்லோருடைய வருமானமும் உயர்ந்தபோது, மகிழ்ச்சியின் சராசரி அதற்கேற்ப உயரவில்லை. எல்லோரும் ஒன்றாக ஏறினால் யாரும் யாருக்கும் மேலே இல்லையே என்பது அவர் தந்த விளக்கம்.

ஆண்ட்ரூ கிளார்க்கும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் சுமார் 5,000 பிரிட்டிஷ் தொழிலாளர்களின் தரவை எடுத்து 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தன்னைப் போன்ற படிப்பும் வேலையும் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் கூடக் கூட, ஒருவரின் வேலைத் திருப்தி குறைகிறது. எர்சோ லட்மர் 2005-ல் அமெரிக்காவை வைத்துச் சொன்னது இன்னும் நேரடி: அக்கம்பக்கத்தார் அதிகம் சம்பாதிக்கும் பகுதியில் வாழ்பவர், அதே வருமானத்தோடு வேறு பகுதியில் வாழ்பவரைவிடக் குறைந்த மகிழ்ச்சியைச் சொல்கிறார். அக்கம்பக்கத்தாரோடு அதிகம் பழகுகிறவர்களிடம்தான் இந்த விளைவு கூடுதலாகத் தெரிந்தது. சுவருக்குச் சுவர் ஒட்டிய ஹட்டி வீடுகளை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இன்னொன்று. பாய்ஸ், பிரவுன், மூர் மூவரும் 2010-ல் பிரிட்டன் தரவை ஆராய்ந்து, எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்பதைவிட வரிசையில் எத்தனையாவது ஆளாக நிற்கிறோம் என்பதே வாழ்க்கைத் திருப்தியோடு அதிகம் பொருந்துகிறது என்றார்கள்.

#4 பந்தலூர்ச் செல்வி

தம்பி, ஐயா, எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் பேசுவதெல்லாம் வயிறு நிறைந்த பிறகு வருகிற வலி.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் கண்டியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. பாட்டி, அம்மா இருவருமே இடுப்பில் படங்கு கட்டி இலை பறித்தவர்கள். நாங்கள் வளர்ந்தது லைன் வீட்டில். ஒரே கூரை, வரிசையாக வீடுகள். அடுத்த வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது கோயம்புத்தூர் போக வண்டி வாடகை இல்லை. அந்த ராத்திரி எனக்கு யாருடைய வருமானத்தோடும் என் வருமானத்தை ஒப்பிடத் தோன்றவில்லை. வாடகைக்கு வேண்டிய பணம் எவ்வளவு என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

இப்போது நான் செவிலியர். சம்பளம் பெரிதில்லை. ஆனால் இன்று ராத்திரி யாருக்காவது உடம்புக்கு வந்தால் வண்டி பிடிக்க முடியும். இந்த நிம்மதிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என்னைவிட எத்தனை மடங்கு சம்பாதிக்கும் மருத்துவர்களோடு நாள் முழுவதும் வேலை செய்கிறேன். உறக்கம் நன்றாகவே வருகிறது.

#5 எண்ணும் எழுத்தும்

செல்வி அக்கா சொல்வதற்கும் சான்று உண்டு. மார்ட்டின் ரவாலியனும் மைக்கேல் லோக்‌ஷினும் ஆப்பிரிக்காவின் மலாவியில் ஆராய்ந்து, அங்கே பெரும்பாலான ஏழைகளுக்கு ஒப்பீட்டு வறுமை பெரிய கவலையாக இல்லை என்று கண்டார்கள். அண்டை வீட்டாரும் நண்பர்களும் நன்றாக இருந்தால் ஆபத்துக்கு உதவுவார்கள் அல்லவா? வசதி கூடிய சிறு பகுதியினரிடம்தான் ஒப்பீட்டு உளைச்சல் தெரிந்தது.

ஈஸ்டர்லினை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் இருவரும் 2008-ல் பல நாடுகளின் தரவைத் திரட்டி, நாடு பணக்கார நாடானால் மக்களும் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள், ஒப்பீடு மட்டுமே எல்லாம் இல்லை என்று வாதிட்டார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

#6 இலைக்காரன்

செல்வி அம்மா, தப்பாக நினைக்க வேண்டாம், ஒரு கேள்வி. லைன் வீட்டில் இருந்த காலத்தில் துரை பங்களாவைப் பார்த்துப் பொருமியதே இல்லையா?

#7 பந்தலூர்ச் செல்வி

துரை பங்களா எங்களுக்கு நிலா மாதிரி அண்ணா. யார் அதைப் பார்த்துப் பொருமுவார்கள்? ஆனால் மேல் லைனில் ஒரு வீட்டுக்குப் பிரிட்ஜ் வந்தது. அவர்கள் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் வாங்கி அனுப்பியது. அன்று அம்மா எங்கள் மூவரையும் காரணமே இல்லாமல் திட்டித் தீர்த்தார். காரணம் இருந்தது என்று இப்போது இதை எழுதும்போது தோன்றுகிறது. சரி, உங்கள் பக்கம் ஒரு புள்ளி போட்டுக்கொள்ளுங்கள்.

#8 சேரிங்கிராஸ் டிரைவர்

மே மாதம் ஊட்டியில் டாக்சி ஓட்டுகிறவனுக்கு உலகத்துப் பணக்காரர்களெல்லாம் பின் சீட்டில்தான். ஒரு நாள் அறை வாடகைக்கு என் ஒரு மாத வருமானத்தைக் கொடுப்பவர்களை ஏற்றி இறக்குகிறேன். அவர்களைப் பார்த்து ஒரு நாளும் எனக்கு வயிறு எரிந்ததில்லை. ஸ்டாண்டில் என் வண்டிக்கு அடுத்து நிற்கும் வண்டிக்கு ஒரு பெரிய ஹோட்டல் நிரந்தரமாகச் சவாரி கொடுக்கிறது. அதே மாடல், அதே டி.என். 43, அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவன் வண்டி நகரும்போதெல்லாம் நான் மனதில் கணக்குப் போடுகிறேன். என் வண்டி நகர்ந்தால்கூட, "இவன் இன்று என்னைவிட எத்தனை சவாரி முன்னால் இருக்கிறான்" என்றுதான் ஓடுகிறது.

2024 மே 7-ல் நீதிமன்ற உத்தரவுப்படி மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததே, அந்த நாள்களில் வண்டிகள் குறைந்தன, எல்லோருக்கும் சவாரி குறைந்தது. ஸ்டாண்டில் அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தோம். அதற்கு முன்போ பின்போ அவ்வளவு சிரித்ததில்லை. கையில் காசு இல்லாத நாளில் ஏன் அப்படிச் சிரித்தோம் என்பதை இந்த இழையைப் படிக்கும்போதுதான் யோசிக்கிறேன்.

#9 கேத்தி கேரட்

நான் எதிர்க்கட்சி. எங்கள் பள்ளத்தாக்கில் அடுத்தவன் சம்பாதித்தால் எங்களுக்குக் குஷி.

கேரட் என்பது சூதாட்டம். மேட்டுப்பாளையம் மண்டியில் ஒரு வாரம் ஒரு விலை, மறுவாரம் பறித்த கூலிக்கும் கட்டாது. பக்கத்துக் காட்டுக்காரன் நல்ல விலைக்கு விற்றுவிட்டான் என்றால், நமக்கும் ஒரு நாள் விழும் என்று நம்பிக்கை வரும். அவன் விதை எங்கே வாங்கினான், எப்போது விதைத்தான், எந்த வியாபாரியிடம் போட்டான் என்று போய் விசாரிப்போம். அவனும் சொல்வான். போன போகத்தில் என் பக்கத்துக்காரர் நன்றாக எடுத்தார். அவர் வீட்டு விருந்தில் எனக்குத்தான் முதல் இலை. காரணம், அதற்கு முந்தைய போகத்தில் நான் எடுத்தேன்.

காட்டேஜ்காரன் சம்பாதிப்பது உங்களுக்கு எரிகிறது என்றால், உங்களால் காட்டேஜ் கட்ட முடியாது என்று முடிவுகட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

#10 கோத்தகிரி வாத்தியார்

கேத்திக்காரர் சொன்னதை ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973-லேயே சொல்லிவிட்டார். ஒரே திசையில் இரண்டு வரிசையாக வண்டிகள் போகும் சுரங்கப்பாதையில் போக்குவரத்து நின்றுவிட்டது. திடீரென்று பக்கத்து வரிசை நகர்கிறது. உடனே எனக்கு மகிழ்ச்சிதான் வரும், நம் வரிசையும் நகரப்போகிறது என்று. ஆனால் நேரம் போகப் போக அந்த வரிசை மட்டுமே நகர்ந்தால், ஏமாற்றம் கோபமாக மாறும். வளரும் நாடுகளில் ஏற்றத்தாழ்வை மக்கள் முதலில் பொறுத்துக்கொண்டு, பிறகு பொறுக்காமல் போவது இதனால்தான் என்றார்.

கிளாடியா செனிக் பிற்பாடு சோவியத் சரிவுக்குப் பிந்தைய ரஷ்யாவின் மாற்ற காலத் தரவில் இதே மாதிரி ஒன்றைக் கண்டார். தன்னைப் போன்றவர்களின் வருமானம் கூடியபோது மக்களின் திருப்தி கூடியது. எதிர்காலம் எப்படி இருக்கும் என்பதற்கு அடுத்தவன் வருமானம் அங்கே ஒரு செய்தியாக இருந்தது. ஆக, கேரட் காட்டில் முதல் கட்டம், தேயிலைக் காட்டில் இரண்டாம் கட்டம்.

#11 சேரிங்கிராஸ் டிரைவர்

வாத்தியார் சார், அந்த ஹிர்ஷ்மன் பர்லியாறு ஏற்றத்தில் வண்டி ஓட்டியிருக்க மாட்டார். அங்கே நாம் நிற்கும்போது பக்கத்து வரிசை நகர்கிறது என்றால், எவனோ விதியை மீறி முந்திக்கொண்டு வருகிறான் என்று அர்த்தம். முதல் நொடியிலிருந்தே கோபம்தான்.

#12 ஹட்டி மருமகள்

இவ்வளவு நேரம் ஆண்கள் பேசியதைப் படித்தேன். இலை, வண்டி, கேரட். உண்மையான ஒப்பீடு நடக்கும் இடத்துக்கு ஒருவரும் வரவில்லை.

கல்யாண வீடு. என் தங்கை காரில் வந்து இறங்குகிறாள். எனக்குச் சந்தோஷம்தான், பொய்யில்லை. அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் சகலைகள். பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு என் வீட்டுக்காரர் பேச்சு குறைந்துபோகிறது. மறுநாள் தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது கத்தி வேகமாக இறங்குகிறது. ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டில் எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும் அதன் விலையைப் பற்றிய சண்டையில் முடிகிறது. தங்கை கணவர் பெருமை பேசுகிறவர்கூட இல்லை. தங்கமான மனிதர். அதுதான் இன்னும் கஷ்டம், குறை சொல்லவும் வழியில்லை.

நான் தையல் மிஷின் வாங்கியதும், சுய உதவிக் குழுவில் கடன் எடுத்ததும் எந்தக் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

#13 எண்ணும் எழுத்தும்

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே ஆய்வுக் கட்டுரையாக வந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? டேவிட் நியூமார்க், ஆண்ட்ரூ போஸ்ட்லெவெய்ட் இருவரும் 1998-ல் எழுதியது. அமெரிக்காவில் திருமணமான பெண்கள் வேலைக்குப் போவதற்கு என்ன காரணம் என்று தேடினார்கள். சகோதரியின் கணவர் தன் கணவரைவிட அதிகம் சம்பாதித்தால், அந்தப் பெண் வேலைக்குப் போகும் வாய்ப்பு 16 முதல் 25 சதவீதம் வரை கூடுகிறது. சகலை என்பதற்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு சொல்கூட இல்லாத நாட்டில் இந்த முடிவு.

நெதர்லாந்திலும் ஒன்று உண்டு. அங்கே அஞ்சல் குறியீட்டு எண்ணை வைத்து ஒரு லாட்டரி நடக்கிறது. பரிசு விழுந்தால் அந்தத் தெருவில் சீட்டு வாங்கிய எல்லோருக்கும் பணம், ஆய்வு நடந்த காலத்தில் ஒருவருக்கு பிஎம்டபிள்யூ காரும் கிடைத்தது. சீட்டு வாங்காத அண்டை வீட்டார் என்ன செய்தார்கள் என்று 2011-ல் வெளியான ஆய்வு பார்த்தது. அவர்களுடைய மகிழ்ச்சியில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் அவர்களும் கார் வாங்கினார்கள், வீட்டின் வெளிப்புறத்தைச் செப்பனிட்டார்கள். உள்பக்கத்தை இல்லை, வெளிப்புறத்தை.

#14 இலைக்காரன்

எங்கள் ஹட்டியில் போன வருஷம் பெயிண்ட் அடித்த வீடுகளை எண்ணினால் போதும், எந்தத் தெருவில் யார் காட்டேஜ் கட்டினார் என்று வரைபடமே போட்டுவிடலாம்.

சகலை விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை. வீட்டில் இந்த இழையைப் படிக்கிறார்கள்.

#15 மட்டுறுத்துநர்

இடையில் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தச் சமூகத்துக்கு எவ்வளவு நிலம் என்ற பேச்சு வேண்டாம். இழை தொடரட்டும்.

#16 பூம்பாறைப் பூண்டு

பழனி மலையிலிருந்து ஒரு குரல். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயர் வெளியே தெரிந்தது, பூண்டை விடவும் அதிகமாக டூரிஸ்டுகள் வந்தார்கள். உங்கள் கதைதான் எங்கள் கதையும்.

நான் கவனித்த ஒன்று. பூண்டில் பொறாமை குறைவு. வடுகபட்டிச் சந்தையில் யார் மூட்டை என்ன விலைக்குப் போனது என்பது பஸ் ஊர் திரும்புவதற்குள் ஊருக்கே தெரியும். பல் பெரிதாக இருந்தது, நன்றாகக் காய்ந்திருந்தது, அதனால் நல்ல விலை. பரணில் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு அடுப்புப் புகையில் பக்குவப்படுத்தியவனுக்குக் கிடைத்த கூலி என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் டென்ட் போட்டு ஆள் தங்கவைப்பவன் என்ன சம்பாதிக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அவன் பத்து என்றால் ஊர் ஐம்பது என்கிறது. எரிச்சல் அந்த ஐம்பதின் மேல்தான். எல்லோரும் வருமானத்தைத் திறந்து சொல்லிவிட்டால் பாதி நோய் போய்விடும் என்பது என் கட்சி.

#17 எண்ணும் எழுத்தும்

அண்ணா, அந்தச் சோதனையை நார்வே நாடே செய்து பார்த்துவிட்டது. அங்கே ஒவ்வொருவரின் வரிக் கணக்கும் பொது ஆவணம். 2001 வரை அதைப் பார்க்க அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். அந்த ஆண்டு பத்திரிகைகள் இணையத்தில் ஏற்றிவிட்டன, பெயரை அடித்தால் வருமானம் வந்து நிற்கும். ரிக்கார்டோ பெரெஸ் ட்ருக்லியா 2020-ல் எழுதிய கட்டுரைப்படி, அதன் பிறகு பணம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான மகிழ்ச்சி இடைவெளி 29 சதவீதம் பெரிதானது. 2014-ல், தேடுகிறவர் யார் என்பது தேடப்படுபவருக்குத் தெரியும்படி விதியை மாற்றினார்கள். தேடல் மளமளவென்று குறைந்தது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடமும் இதே கதை. சம்பளங்களை ஒரு பத்திரிகையின் தளத்தில் பார்க்கலாம் என்று ஆய்வாளர்கள் ஒரு பகுதியினருக்கு மட்டும் தகவல் சொன்னார்கள். தன் துறையில் இடைநிலைச் சம்பளத்துக்கு (பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே) கீழே இருப்பவர்களின் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருப்பவர்களுக்கு ஒரு மகிழ்ச்சியும் கூடவில்லை. டேவிட் கார்டும் மற்ற மூவரும் 2012-ல் எழுதியது. திறந்து சொன்னால் கீழே இருப்பவருக்கு வலி, மேலே இருப்பவருக்கு லாபம் இல்லை.

#18 பூம்பாறைப் பூண்டு

தம்பி, நார்வேக்காரர்கள் பார்த்தது வெறும் எண். அந்தப் பணம் எப்படி வந்தது என்று அந்தத் திரையில் தெரிந்ததா? நான் சொன்னது மூட்டையை. எண்ணை மட்டும் காட்டி மூட்டையை மறைத்தால் வலிக்கத்தான் செய்யும்.

#19 கோத்தகிரி வாத்தியார்

இந்த இழையில் இதுவரை வந்ததில் பூம்பாறைக்காரரின் பதில்தான் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அதற்கு நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு துணை நிற்கிறது.

எமிலி பிரெசா, சுப்ரீத் கவுர், யோகிதா சம்தசானி மூவரும் ஒடிசாவில் 378 தொழிலாளர்களைச் சிறு உற்பத்திக் கூடங்களில் ஒரு மாதம் வேலைக்கு வைத்தார்கள். மூன்று மூன்று பேராகக் குழு. சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி, சில குழுக்களில் ஆளுக்கு ஆள் வேறு கூலி. இப்போது ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாங்கும் கூலி இரண்டு வகைக் குழுவிலும் ஒன்றேதான். பக்கத்தில் இருப்பவர்கள் அவரைவிட அதிகம் வாங்கும் குழுவில், அவர் செய்யும் வேலை குறைந்தது. வேலைக்கு வருவதே 18 சதவீதப் புள்ளி குறைந்தது. தினக்கூலிக்காரர் அண்ணே! ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் சோறு போகும். அதையும் விட்டுக்கொடுத்து வீட்டில் இருந்தார்கள்.

ஆனால் அடுத்தவர் அதிகம் செய்கிறார் என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வேலைகளில் இந்தச் சரிவே இல்லை. அதிகக் கூலிக்குக் காரணம் தெரிந்தால் ஏற்றுக்கொண்டார்கள்.

டிரைவர் தம்பியின் வலி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பின் சீட்டுப் பணக்காரரின் வருமானத்துக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்று விட்டுவிடுகிறார். பக்கத்து வண்டிக்கு ஹோட்டல் சவாரி ஏன் கிடைத்தது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. அதே வண்டி, அதே பள்ளிக்கூடம்.

#20 சேரிங்கிராஸ் டிரைவர்

விடை இருக்கிறது சார். அவன் மச்சான் அந்த ஹோட்டலில் மேனேஜர். விடை தெரிந்ததால் வலி குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. ஆய்வாளர்களிடம் இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

#21 கேத்தி கேரட்

ஆஹா.

#22 இலைக்காரன்

விளையாட்டை விட்டுவிட்டு ஒரு நிஜச் சிக்கலைக் கேட்கிறேன், ஆளாளுக்குச் சொல்லுங்கள்.

எங்கள் தெய்வம் ஹெத்தையின் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வரி. எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை, அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். இம்முறை கூட்டத்தில் ஒரு பையன் எழுந்தான். காட்டேஜ் வைத்திருப்பவருக்கும் அரை ஏக்கர் இலைக்காரருக்கும் ஒரே வரி என்ன நியாயம், வருமானத்துக்குத் தகுந்த மாதிரி போடுங்கள் என்றான். படித்த பையன், கெட்ட எண்ணம் இல்லை. காட்டேஜ்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆனால் எதிர்த்து எழுந்தவர் ஊரிலேயே குறைந்த நிலம் உள்ள பெரியவர். "என் வரியைக் குறைக்க நீ யார்? நான் கடன் வாங்கிக் கட்டுவேன்" என்றார். கை நடுங்கியது.

நான் அந்தப் பையன் பக்கம் பேசலாம் என்று நினைத்துப் போனவன். பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

#23 பந்தலூர்ச் செல்வி

அந்தப் பெரியவர் சொன்னது எனக்கு முழுமையாகப் புரிகிறது. எல்லோரும் வெள்ளை உடுத்தி ஒன்றாக நடக்கிற திருவிழா அது. வருஷம் முழுவதும் அவர் வரிசையில் கடைசி ஆள். அந்த ஒரு ரசீதில் மட்டும் காட்டேஜ்காரருக்குச் சமம். தொகையைக் குறைத்தால் ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சமாகும், ஆனால் கடைசி இடம் அங்கேயும் எழுதப்பட்டுவிடும். சலுகை என்ற பெயரில் அதைச் செய்யாதீர்கள் அண்ணா.

#24 கேத்தி கேரட்

மனசுக்கு நன்றாக இருக்கிறது. கடனுக்கு வட்டி யார் கட்டுவது? மானம் வட்டி கட்டாது. நேற்று "வயிறு நிறைந்த பிறகு வரும் வலி" என்று சொன்னதும் நீங்கள்தானே அக்கா?

#25 பந்தலூர்ச் செல்வி

சொன்னேன். இரண்டும் உண்மை. வண்டி வாடகைக்கு ஊரில் ஒரு நிதி வையுங்கள், அவர் பேரன் படிப்புக்கு வையுங்கள், யாரும் அறியாமல் கொடுங்கள். ரசீதில் கை வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

#26 கோத்தகிரி வாத்தியார்

எங்கள் ஊரிலும் இதே பேச்சு வந்தது, வேறு வழியாக முடிந்தது. வரி எல்லோருக்கும் ஒன்று, அதைத் தொடவில்லை. அதைக் கூடிய மட்டும் குறைவாக வைத்தார்கள். மீதிச் செலவு நன்கொடை. வசதி உள்ளவர்கள் நன்கொடையில் கூட்டிக் கொடுத்தார்கள்.

#27 இலைக்காரன்

அதே யோசனைதான் எனக்கும், வாத்தியாரே. ஆனால் நன்கொடை என்றால் மைக் வரும். எங்கள் ஊரில் ஒருவர் மைக்கைப் பிடித்து, இன்னார் இவ்வளவு, இன்னார் இவ்வளவு என்று சாப்பாடு முடியும்வரை வாசிப்பார். டியூப் லைட்டில் உபயம் என்று பெயர் எழுதியதில் வெளிச்சமே வராத ஊர் எங்களுடையது. ரசீதில் சமமாக இருந்த பெரியவர் மைக்கில் மறுபடியும் கடைசி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், வரி எல்லோருக்கும் ஒன்றே, குறைந்த தொகை, நன்கொடைக்கு மைக் கிடையாது என்று கேட்கப்போகிறேன். காட்டேஜ் வைத்திருக்கும் என் பெரியப்பா மகனிடமும் பேசிவிட்டேன். நான் முதலில் சொன்ன அந்த வண்ண விளக்குக்காரன்தான். அவன் சரி என்றான். எனக்கே ஆச்சரியம்.

#28 ஹட்டி மருமகள்

நல்ல யோசனை அண்ணா, ஆனால் ஒன்று கேட்கிறேன். என் வீட்டுக்காரர் போன முறை நன்கொடை கொடுத்ததே, சகலை பெயரை மைக்கில் வாசித்த பிறகுதான். மைக்கை நிறுத்தினால் வசூல் பாதிதான் வரும். அப்போது பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் பணத்துக்கு எங்கே போவீர்கள்? மறுபடியும் வரியைத்தானே கூட்டுவீர்கள்?